ஏழு வெற்றி, இரண்டு தோல்வி: நியூ ஜெர்சியில் உபேந்திரா சிவுகுலா நடந்த பாதை

2014 ஜூன் 3. அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில், 12-ஆம் காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்ற) தொகுதிக்கு ஜனநாயகக் கட்சி தன் வேட்பாளரைத் தேர்ந்தெடுத்த நாள். நான்கு பேர் போட்டியிட்டார்கள். பானி வாட்சன் கோல்மனுக்கு சுமார் 43 சதவீத வாக்குகள் கிடைத்தன. லிண்டா கிரீன்ஸ்டீனுக்கு 28, உபேந்திரா சிவுகுலாவுக்கு 22, ஆண்ட்ரூ ஸ்விக்கருக்கு 7. மூன்றாம் இடத்துக்கு வந்த சிவுகுலா, அதற்கு ஏழு மாதம் முன்புதான் மாநிலச் சட்டமன்றத்தின் கீழவையான பேரவைக்கு நடந்த தேர்தலில் தொடர்ந்து ஏழாவது முறையாக வென்றிருந்தார். பேரவையின் துணை சபாநாயகராகவும் இருந்தார். அப்போது அவருக்கு வயது 63.

மாநில அளவில் ஒருமுறைகூடத் தோற்காதவர், நாடாளுமன்றத்துக்கு முயன்ற இரண்டு முறையும் தோற்றது எப்படி? "இந்தியர் என்பதால்தான்" என்று சிலர் எளிதாகச் சொல்லிவிடுவார்கள். "கட்சி கைவிட்டது" என்பார்கள் வேறு சிலர். இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கலாம். ஆனால் அவர் நின்ற தொகுதிகளின் வரைபடத்தையும் மக்கள்தொகையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேறொரு விடை தெரிகிறது. புலம்பெயர்ந்து போய் உள்ளூர் அரசியலில் இறங்க நினைக்கும் யாரும் தெரிந்துகொள்ள வேண்டிய விடை என்று நினைப்பதால்தான் இதை எழுதுகிறேன்.

கிண்டியிலிருந்து பிராங்க்ளின் வரை

சிவுகுலா 1950 அக்டோபரில் நெல்லூரில் பிறந்தார். சென்னைக்கு வந்து கிண்டி பொறியியல் கல்லூரியில் மின் பொறியியல் படித்தார். பிறகு அமெரிக்கா போய் நியூயார்க் சிட்டி காலேஜில் அதே துறையில் முதுகலைப் பட்டம் பெற்றார். 1965-இல் அமெரிக்கா தன் குடியேற்றச் சட்டத்தை மாற்றி, நாட்டுவாரி ஒதுக்கீட்டைக் கைவிட்ட பின் போன தலைமுறை அது. எஞ்சினியர்களும் டாக்டர்களுமாகப் போனவர்கள் நிறையப் பேர். வேலை, வீடு, பிள்ளைகளின் படிப்பு, வாரக் கடைசியில் கோவில் என்று அவர்களில் பெரும்பாலோரின் வாழ்க்கை ஓடியது. அரசியல் என்றால் நிதி திரட்டும் விருந்துக்குக் காசோலை எழுதுவது, தலைவரோடு நின்று ஒரு போட்டோ எடுத்துக்கொள்வது என்பதோடு பலருக்கு முடிந்துவிட்டது.

அந்தக் காலத்தின் இன்னொரு முகத்தையும் மறக்கக் கூடாது. 1987-இல் இதே நியூ ஜெர்சியின் ஜெர்சி சிட்டியில், நெற்றிப் பொட்டைக் குறிவைத்துத் தனக்குப் பெயர் சூட்டிக்கொண்ட ஒரு கும்பல் இந்தியர்களைத் துரத்தித் துரத்தித் தாக்கியது. இந்தியர்களை ஊரைவிட்டே விரட்டுவோம் என்று செய்தித்தாளுக்குக் கடிதமும் எழுதியது. பக்கத்து ஹோபோக்கனில் ஓர் இந்தியர் அடித்துக் கொல்லப்பட்டதும் அதே ஆண்டில்தான். சரியாகப் பத்து வருடம் கழித்து, 1997-இல், அதே மாநிலத்தின் சாமர்செட் கவுண்டியில் (நம் மாவட்டம் மாதிரி) இருக்கும் பிராங்க்ளின் டவுன்ஷிப்பின் மன்றத்துக்கு சிவுகுலா தேர்ந்தெடுக்கப்பட்டார்.

டவுன்ஷிப் மன்றம் என்றால் நம் ஊர் நகராட்சி மன்றம் மாதிரிதான். எந்த நிலத்தில் வீடு கட்டலாம், எதில் கடை கட்டலாம், போலீசுக்கு எவ்வளவு, குப்பை அள்ள எவ்வளவு, மிச்சமிருக்கும் வயல்வெளியைக் காப்பாற்றுவதா, கட்டடக்காரர்களுக்கு விடுவதா என்பவைதான் அங்கே தினசரிப் பிரச்சினைகள். நியூ ஜெர்சியில் இப்படி 560-க்கும் மேற்பட்ட உள்ளாட்சிகள் இருக்கின்றன. அமெரிக்காவிலேயே சொத்து வரிச் சுமை மிக அதிகமான மாநிலம் என்பதால், உள்ளூர்க் கூட்டத்துக்கு வருகிறவர்கள் கோபத்தோடுதான் வருவார்கள். வரி ஏன் ஏறியது என்று மைக் முன்னால் நின்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு வாரக்கணக்கில், வருடக்கணக்கில் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லிக்கொண்டே இருந்தால்தான் அங்கே ஒருவருக்குப் பெயர் உருவாகும். வேறு குறுக்குவழி இல்லை. அவர் 1998-இல் துணை மேயர் ஆனார், 2000-இல் மேயர்.

அந்த ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பிராங்க்ளினின் மக்கள்தொகை 50,903. இந்த எண்ணைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு தேவைப்படும்.

2001: கதவு எப்படித் திறந்தது

நியூ ஜெர்சியில் 40 சட்டமன்றத் தொகுதிகள். ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு செனட்டர், இரண்டு பேரவை உறுப்பினர்கள். பேரவையின் ஆயுள் இரண்டே வருடம். ஒற்றைப்படை ஆண்டு வந்தாலே தேர்தல்தான். பிராங்க்ளின் 17-ஆம் தொகுதியில் இருந்தது. நியூ பிரன்சுவிக், பிஸ்கட்டவே முதலான ஊர்களும் அதில் அடக்கம். பல்கலைக்கழகம், தொழிற்சங்கம், கறுப்பின மக்கள், லத்தீன் மக்கள் என்று ஜனநாயகக் கட்சிக்குப் பலமான இடம். அங்கே நவம்பர் தேர்தலில் ஜெயிப்பது சிரமமே இல்லை. கட்சியின் வேட்பாளர் ஆவதுதான் கடினம், ஏனென்றால் இருப்பவர்கள் லேசில் இடத்தை விட மாட்டார்கள்.

2001-இல் ஒரே சமயத்தில் பல நகர்வுகள் நடந்தன. தொகுதியின் நெடுநாள் செனட்டர் ஜான் லிஞ்ச் விலகினார். பேரவையிலிருந்த பாப் ஸ்மித் அந்த இடத்துக்கு மேலே போனார். கணக்கெடுப்புக்குப் பின் எல்லைகள் மாறியதில், இன்னொரு உறுப்பினரான ஜெர்ரி கிரீன் பக்கத்துத் தொகுதிக்குப் போய்விட்டார். இரண்டு பேரவை இடங்கள் காலி. ஒன்றுக்கு ஜோசப் ஈகன் வந்தார். நியூ பிரன்சுவிக் நகர மன்ற உறுப்பினர், எலக்ட்ரீஷியன்கள் சங்கத்தின் உள்ளூர்த் தலைவர். இன்னொன்றுக்கு பிராங்க்ளினின் மின் பொறியாளர் சிவுகுலா.

புலம்பெயர்ந்தோர் அரசியல் பற்றிய பேச்சில் இந்த "இடம் காலியாவது" என்ற விஷயத்துக்கு நாம் போதிய கவனம் தருவதில்லை. திறமை, உழைப்பு, சமூக ஆதரவு எல்லாம் சரிதான். ஆனால் இடம் காலியாகும் அந்த ஒரு வாரத்தில், கட்சிக்காரர்கள் உட்கார்ந்து "யார் இருக்கா?" என்று கேட்கும்போது, அந்த மேசையில் இருப்பவர்களுக்கு உங்கள் பெயர் ஏற்கெனவே தெரிந்திருக்க வேண்டும். நான்கு வருடம் மன்றத்தில் உட்கார்ந்து வரவு செலவுக் கணக்கு பார்த்தவரின் பெயர் அங்கே தெரிந்திருந்தது.

தேர்தல் நாள் 2001 நவம்பர் 6. செப்டம்பர் 11 தாக்குதல் நடந்து சரியாக எட்டு வாரம். நியூ ஜெர்சியிலிருந்து மட்டும் நூற்றுக்கணக்கானோர் அந்தக் கோபுரங்களில் இறந்திருந்தார்கள். மாநிறமாக இருந்த யாரையும் சந்தேகத்தோடு பார்த்த நாட்கள் அவை. டர்பன் கட்டியதற்காக ஒரு சீக்கியரை அரிசோனாவில் சுட்டுக் கொன்றிருந்தார்கள். அந்த நேரத்தில், உச்சரிக்கவே பலருக்கு நாக்கு புரளாத பெயரோடு ஒருவர் வாக்குச்சீட்டில் இருந்தார், ஜெயித்தார். நியூ ஜெர்சி சட்டமன்றத்துக்குப் போன முதல் இந்திய வம்சாவளியினர் ஆனார். நாட்டளவில் பார்த்தாலும் அவருக்கு முன்னால் மேரிலாந்தின் குமார் பார்வே, மினசோட்டாவின் சத்வீர் சவுத்ரி என்று விரல்விட்டு எண்ணக்கூடியவர்களே மாநில சட்டமன்றங்களுக்குப் போயிருந்தார்கள். பார்வேயும் சவுத்ரியும் அமெரிக்காவிலேயே பிறந்தவர்கள்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. நியூ ஜெர்சியில் இந்தியர்கள் என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது எடிசனும், ஐசலின் ஓக் ட்ரீ ரோட்டின் நகைக்கடைகளும் சேலைக்கடைகளும்தான். அந்த இரண்டு இடமும் அவருடைய தொகுதிக்கு வெளியே இருந்தன. பிஸ்கட்டவேயிலும் பிராங்க்ளினிலும் இந்தியர்கள் உண்டு. ஆனால் அவர்களை மட்டும் நம்பி அந்தத் தொகுதியில் ஜெயிக்க முடியாது. அவருக்கு வாக்களித்தவர்களில் பெரும்பாலோர் இந்தியர் அல்லாதவர்கள்.

எஞ்சினியர் ஒருவர் சட்டமன்றத்தில் என்ன செய்தார்

நியூ ஜெர்சி சட்டமன்ற உறுப்பினர் வேலை பகுதிநேர வேலை. அவர் காலத்தில் ஆண்டுச் சம்பளம் 49,000 டாலர். பெரும்பாலோர் வக்கீல்கள், ஆசிரியர்கள், தொழிற்சங்கக்காரர்கள். மின்சாரம் எப்படி ஓடுகிறது என்று படித்துத் தெரிந்தவர் அங்கே அபூர்வம். சிவுகுலா தொலைத்தொடர்பு மற்றும் பொதுப் பயன்பாட்டுக் குழுவின் தலைவரானார். அவருடைய பணியில் காலத்துக்கும் நிற்பது அங்கே பிறந்ததுதான்.

கொஞ்சம் விளக்கிச் சொல்கிறேன், ஏனென்றால் இங்கேதான் அவருடைய படிப்பும் பதவியும் ஒன்று சேர்ந்தன. அப்போது நியூ ஜெர்சியில் நடந்த முறை இது: வீட்டுக் கூரையில் சூரியத் தகடு போட்டால், அது தயாரிக்கும் ஒவ்வொரு 1,000 யூனிட்டுக்கும் ஒரு சான்றிதழ் கிடைக்கும். மின்சாரம் விற்கும் நிறுவனங்கள் வருடத்துக்கு இத்தனை சான்றிதழ் வாங்கியே ஆகவேண்டும், இல்லாவிட்டால் அபராதம். அரசு கையிலிருந்து மானியம் தருவதில்லை, சந்தை தருகிறது. ஆனால் கட்டாயக் கொள்முதல் எவ்வளவு என்பதைச் சட்டம்தான் நிர்ணயிக்கும். அந்த அளவு குறைந்தால் விலை விழும், கூடினால் மக்களின் மின் கட்டணம் ஏறும்.

சிவுகுலா முன்னின்று கொண்டுவந்த மசோதா, 2010 ஜனவரியில் ஆளுநர் ஜான் கோர்சைன் கையெழுத்தில் சட்டமானது. அதுவரை மொத்த விற்பனையில் இத்தனை சதவீதம் என்று இருந்த இலக்கை, நிலையான அளவாக அது மாற்றியது. 2011-இல் 306 ஜிகாவாட் மணி (ஒரு ஜிகாவாட் மணி என்றால் பத்து லட்சம் யூனிட்), அதிலிருந்து படிப்படியாக ஏறி 2026-இல் 5,316. முதலீடு போடுகிறவனுக்கு 2026 வரைக்குமான கணக்கு கையில் கிடைத்தது. எஞ்சினியர் மூளை தெரிகிறது அதில். ஒவ்வொரு வருடத்துக்கும் ஒரு எண்.

அது அளவுக்கு மீறியே வேலை செய்தது. தகடுகள் குவிந்தன, நிறுவிய திறனில் நியூ ஜெர்சி கலிபோர்னியாவுக்கு அடுத்த இடத்துக்கு வந்தது. வெயிலுக்குப் பேர்போன மாநிலமே இல்லை அது! ஆனால் சான்றிதழ்கள் தேவைக்கு மேல் பெருகிவிட்டன. 2011-இல் 600 டாலருக்கு மேல் விற்ற சான்றிதழ் 2012 இறுதியில் 100 டாலருக்கும் கீழே போனது. கடன் வாங்கித் தகடு போட்ட பள்ளிகளும் சிறு வியாபாரிகளும் தவித்தார்கள்.

தன் சட்டத்தில் ஓட்டை விழுந்ததைப் பார்த்தும் பேசாமல் இருப்பவர்கள் உண்டு. இவர் திருத்தத்தைக் கொண்டுவருவதிலும் முன்னால் நின்றார். 2012 ஜூலையில் வந்த புதிய சட்டம் இலக்கை மறுபடி சதவீதமாக மாற்றியது. அருகிலிருந்த ஆண்டுகளின் கட்டாயக் கொள்முதலை உயர்த்தியது, தொலைவில் இருந்தவற்றைத் தளர்த்தியது. 2014-க்கு 2.05 சதவீதம், 2028-க்கு 4.1. விளைநிலத்தில் பெரிய சூரியப் பண்ணைகள் போடுவதற்கும் கடிவாளம் வந்தது. கையெழுத்துப் போட்டவர் குடியரசுக் கட்சி ஆளுநர் கிறிஸ் கிறிஸ்டி. இரு கட்சியும் சேர்ந்து ஒரு மின்சாரச் சட்டம் கொண்டுவருவது எவ்வளவு கடினம் என்று அறிந்தவர்களுக்கு இதன் அருமை புரியும். என் பார்வையில், அவர் ஜெயித்த ஏழு தேர்தலையும்விட இது பெரிய சாதனை.

ஆனால், சான்றிதழ்ச் சந்தையைக் காப்பாற்றியதற்காக யாரும் ஒருவரைத் தோளில் தூக்கிக்கொண்டு போவதில்லை. இந்த வேலையின் பலன் வாக்காளருக்கு மின் கட்டணச் சீட்டின் ஒரு மூலையில் கண்ணுக்குத் தெரியாமல் போய்ச் சேர்கிறது.

முதல் தோல்வி: தெரியாத ஊர்

2012-இல் 7-ஆம் காங்கிரஸ் தொகுதியில் ஜனநாயகக் கட்சி வேட்பாளராக அவர் நின்றார். எதிரே பதவியிலிருந்த குடியரசுக் கட்சியின் லெனர்ட் லான்ஸ். அது வடமேற்கே மலையும் பண்ணைகளும் விரிந்து கிடக்கும் தொகுதி, குடியரசுக் கட்சியின் பக்கம் சாய்ந்தது. அப்போதைய எல்லைப்படி பிராங்க்ளின் அதில் இல்லை, 12-இல் இருந்தது. சட்டப்படி அது தடையே அல்ல. வசிப்பிடம் பற்றி அமெரிக்க அரசியல் சாசனம் கேட்பது, வேட்பாளர் அந்த மாநிலத்தில் வசிக்க வேண்டும் என்பது மட்டும்தான். ஆனால் பதினைந்து வருடமாக அவரைத் தெரிந்த ஒரு வாக்காளர்கூட அங்கே இல்லை என்று சொல்லிவிடலாம்.

தேர்தலுக்கு எட்டு நாள் முன்னால் சாண்டி புயல் நியூ ஜெர்சியைப் புரட்டிப்போட்டது. மின்சாரம் இல்லை, பெட்ரோலுக்கு வரிசை. கடைசி வாரப் பிரசாரம் என்று ஒன்று நடக்கவே வழியில்லை. லான்ஸுக்கு 57 சதவீதம், சிவுகுலாவுக்கு 40. புயல் இல்லாவிட்டாலும் முடிவு மாறியிருக்காது என்றே நினைக்கிறேன்.

இரண்டாம் தோல்வி: தெரிந்த ஊர், சின்ன ஊர்

2014 பிப்ரவரியில் 12-ஆம் தொகுதியின் ரஷ் ஹோல்ட் ஓய்வு அறிவித்தார். இயற்பியலாளர். விஞ்ஞானியைத் தேர்ந்தெடுத்துப் பழகிய தொகுதி, சொந்த ஊர் இருக்கும் தொகுதி, ஜனநாயகக் கட்சியின் கோட்டை. போதாக்குறைக்கு பிளெயின்ஸ்பரோ, வெஸ்ட் வின்ட்சர் என்று இந்தியர்கள் நெருக்கமாக வாழும் ஊர்களும் அதற்குள். தாளில் பார்த்தால் எல்லாம் அவருக்குச் சாதகம்.

இப்போது அந்த 50,903-க்கு வருவோம். 2001-இல் ஒரு சட்டமன்றத் தொகுதியின் மக்கள்தொகை சுமார் 2.1 லட்சம். பிராங்க்ளின் அதில் கால் பங்கு. ஒரு கால் பகுதி ஏற்கெனவே உங்களை அறிந்திருக்கும் இடத்தில் நிற்பது பெரிய பலம். 2010 கணக்கெடுப்பில் பிராங்க்ளின் 62,300 ஆக வளர்ந்திருந்தது. ஆனால் காங்கிரஸ் தொகுதி ஒன்றின் அளவு சுமார் 7.3 லட்சம். கால் பங்கு, பன்னிரண்டில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது. 2012-இல் நின்ற 7-ஆம் தொகுதியில் அது பூஜ்ஜியம்.

இதோடு சேர்ந்துகொண்டது அப்போது நியூ ஜெர்சிக்கே உரியதாக இருந்த "லைன்". உள்கட்சித் தேர்தலின் வாக்குச்சீட்டில், கவுண்டிக் கட்சி யாரை ஆதரித்ததோ அவர் பெயர், அதிபர் முதல் உள்ளூர் மன்றம் வரை கட்சி ஆதரித்த எல்லோருடனும் ஒரே நெடுவரிசையில் அச்சானது. மற்றவர்கள் ஓரத்தில் எங்கோ கிடந்தார்கள். 12-ஆம் தொகுதி நான்கு கவுண்டிகளில் பரவிக் கிடந்தது. சாமர்செட்டின் லைன் சிவுகுலாவுக்கு, மிடில்செக்ஸின் லைன் கிரீன்ஸ்டீனுக்கு. மாநிலத் தலைநகர் டிரென்டன் இருக்கும் மெர்சரின் லைனும் யூனியனின் லைனும் வாட்சன் கோல்மனுக்கு. அவர் மெர்சரின் யூயிங்கைச் சேர்ந்தவர், 1998 முதல் பேரவையில் இருந்தவர், பேரவைப் பெரும்பான்மைத் தலைவராகவும் இருந்தவர். சிவுகுலாவுக்குக் கிடைத்த சாமர்செட்டில் ஒரு துண்டுதான் அந்தத் தொகுதிக்குள் வந்தது.

சரி, இந்திய வாக்குகள்? ஒரு ஊரில் எத்தனை இந்தியர்கள் வசிக்கிறார்கள் என்பதும் எத்தனை பேர் வாக்களிக்க முடியும் என்பதும் வேறு வேறு கணக்குகள். வேலை விசாவில் இருப்பவருக்கு வாக்கில்லை, கிரீன் கார்டில் இருப்பவருக்கும் இல்லை. ஒரே நாட்டில் பிறந்தவர்களுக்கு ஆண்டுக்கு 7 சதவீதத்துக்கு மேல் கிரீன் கார்டு கிடையாது என்ற வரம்பால், இந்தியாவில் பிறந்தவர்களின் வரிசை பல வருடங்களுக்கு நீண்டுகொண்டே போகிறது. குடியுரிமை கிடைத்தவர்களிலும் ஜூன் மாதத்து உள்கட்சித் தேர்தலுக்குப் போகிறவர்கள் குறைவு. அன்று 7.3 லட்சம் பேர் வாழும் தொகுதியில் பதிவான வாக்குகள் நாற்பதாயிரத்தைத் தொடவில்லை. அந்த நாளில் வந்து நிற்பவர்கள் கட்சிக்காரர்கள், சங்கத்துக்காரர்கள், தேவாலயங்களின் வழியாகத் திரளும் கறுப்பின மூதாட்டிகள். அவர்களை வாட்சன் கோல்மனுக்குப் பல பத்தாண்டுகளாகத் தெரியும். அவரும் தன் ஊரில் வேர் விட்டவர்தான். நியூ ஜெர்சியிலிருந்து காங்கிரசுக்குப் போன முதல் கறுப்பினப் பெண் ஆனார்.

இந்த முடிவை ஓர் அநியாயமாக என்னால் பார்க்க முடியவில்லை. சிவுகுலாவை 2001-இல் மேலே கொண்டுபோன அதே விதி 2014-இல் இன்னொருவருக்கு, அவரைவிடப் பெரிய தளமும் பழைய உறவும் இருந்தவருக்கு வேலை செய்தது. ஆனால் லைன் முறை வேறு விஷயம். வாக்குச்சீட்டின் வடிவமே ஒருவருக்குச் சாதகமாக இருப்பது யாருக்கு நடந்தாலும் தவறு. கட்சி அலுவலகத்தின் உள்ளறைக்கு அறிமுகமில்லாத புதியவர்களை, அதிலும் குடியேறியவர்களை, அது முதலில் தடுக்கும். 2024 மார்ச்சில், அப்போது காங்கிரஸ் உறுப்பினராக இருந்த ஆண்டி கிம் தொடுத்த வழக்கில் கூட்டாட்சி நீதிமன்றம் ஜனநாயகக் கட்சி உள்கட்சித் தேர்தலுக்கு அதை நிறுத்திவைத்தது. கிம் கொரியாவிலிருந்து குடியேறியவர்களின் மகன்.

அப்புறம்

தோற்ற அதே ஆண்டில் ஆளுநர் கிறிஸ்டி, எதிர்க்கட்சிக்காரரான சிவுகுலாவை மாநிலப் பொதுப் பயன்பாட்டு வாரியத்துக்கு நியமித்தார். ஐந்து பேர் கொண்ட வாரியம் அது. மின்சாரம், எரிவாயு, தண்ணீர், தொலைபேசிக் கட்டணங்கள் எல்லாம் அதன் கையில். ஒரே கட்சியைச் சேர்ந்தவர்கள் மூன்று பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி. பேரவையில் அவர் விட்ட இடத்துக்கு பிராங்க்ளினைச் சேர்ந்த ஜோ டேனியல்சன் வந்தார். இடம் அந்த ஊரிலேயே தங்கியது.

இதற்கிடையில் மாநில அரசியலில் வேறு முகங்கள் வந்துவிட்டன. 2017-இல் வின் கோபால் மாநில செனட்டுக்கும், ரவி பல்லா ஹோபோக்கன் மேயர் பதவிக்கும் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். 1987-இல் ஓர் இந்தியரை அடித்துக் கொன்ற அதே ஹோபோக்கனுக்குத் தலைப்பாகை கட்டிய மேயர். 2022-இல் பேரவைக்குள் நுழைந்த ஷமா ஹைதர் பாகிஸ்தானிலிருந்து வந்து குடியேறியவர்.

சிவுகுலா எழுதிய சூரிய மின் இலக்குகளை 2018-இல் வேறொரு சட்டம் இன்னும் உயர்த்தியது. மாநிலத்தில் விற்கும் மின்சாரத்தில் 5.1 சதவீதம் சூரியனிலிருந்து வந்துவிட்டால், சான்றிதழ்த் திட்டத்தில் புதியவர்களைச் சேர்ப்பதை நிறுத்த வேண்டும் என்றது அது. அந்த அளவு எட்டப்பட்டது. 2020 ஏப்ரல் 30-ஆம் தேதியோடு திட்டத்தின் கதவு மூடியது. அதை மூடிய வாரியத்தின் ஐந்து நாற்காலிகளில் ஒன்றில் அவர் உட்கார்ந்திருந்தார்.